சாலை எங்கே முடிகிறது? மலாக்கா சாலைப் பட்டியலும் நம் தோட்டங்களும்

குழி விழுந்த சாலையைப் பற்றிப் புகார் எழுதும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சாலை யாருடையது? இதற்கு விடை தெரியாமல் எழுதும் கடிதம், பொதுப்பணித் துறையிலிருந்து நகராண்மைக் கழகத்திற்கும், அங்கிருந்து தோட்ட நிர்வாகத்திற்குமாக அலைந்துவிட்டுக் கடைசியில் எழுதியவரிடமே திரும்பி வரும். சாலைப் பட்டியலைக் களத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையில் சில காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், அந்த விடையைக் கண்டறியும் வழியை நம் மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். 1898இல் புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் உருவானது. அதன்பின் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. பாலை ஆலைக்கும், ஆலையிலிருந்து சரக்கைப் பட்டணத்திற்கும் கொண்டுபோகவே தோட்டச் சாலைகள் போடப்பட்டன. போட்டது கம்பெனி, பழுது பார்த்ததும் கம்பெனி. அரசாங்கச் சாலை தோட்டத்து வாசலோடு நின்றுவிடும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கம்பெனிகள் கைமாறின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. ஆனால் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூப்ளி, காடேக் என்ற பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்ட மண்ணில் பள்ளியும் கோயிலும் குடியிருப்பும் நிலைத்துவிட்ட இடங்களில், அவற்றுக்குப் போகும் சாலையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் கேள்வி.

இதில் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்திற்கும் சாலை மானியம் தரச் சொல்கிறது. கணக்கு பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. ஒரு மைல் மாநிலச் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதி பெற்ற சாலைகளின் மொத்த மைலால் பெருக்க வேண்டும். இந்த நீளத்தைக் காட்டும் பதிவேடே 'மாரிஸ்' எனப்படும் மலேசியச் சாலைப் பதிவு முறை. நகராண்மைக் கழகம் பராமரிக்கும் சாலைகளுக்கும், மாநில அரசாங்கம் பரிந்துரைத்துக் கூட்டரசு ஒப்புக்கொண்டால் மானியம் உண்டு. ஆகவே பட்டியலில் ஏறாத ஒரு கிலோமீட்டர், கண்ணெதிரே கிடந்தாலும், மானியக் கணக்கில் பூஜ்யமே.

அதே அட்டவணையில் நம் சிந்தனைக்குரிய ஒரு முரண்பாடும் உண்டு. பொதுமக்கள் பயன்படுத்த வழியுள்ள சாலைகளையும் உள்ளடக்கும்படி 'மாநிலச் சாலை' என்பதற்கு விரிவான பொருளே தரப்பட்டுள்ளது. ஆனால் மானியம் பெற, அது குறைந்தபட்சத் தரத்தில் உண்மையாகவே பராமரிக்கப்பட வேண்டும். பராமரித்தால்தான் பணம், பணம் இருந்தால்தான் பராமரிப்பு. இந்த வட்டத்திற்கு வெளியே நிற்பவை பெரும்பாலும் தோட்டச் சாலைகளே.

இனி, சரிபார்க்கும் முறைக்கு வருவோம்.

முதல் படி, சாலையின் வகையை அறிவது. எண் மட்டும் உள்ள பலகை கூட்டரசுச் சாலையைக் குறிக்கும். மஸ்ஜித் தானா, மலாக்கா, மெர்லிமாவ் வழியாக மூவார் செல்லும் 5ஆம் எண் சாலை அத்தகையது. எண்ணுக்கு முன் 'எம்' என்ற எழுத்து இருந்தால் அது மலாக்கா மாநிலச் சாலை. இரண்டும் இல்லாவிட்டால் அது ஊராட்சி மன்றச் சாலையாகவோ, கிராமச் சாலையாகவோ, தனியார் சாலையாகவோ இருக்கலாம். பலகை இல்லை என்பதாலேயே தனியார் சாலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி, நிலத்தைப் பார்ப்பது. மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நிலப் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். நில அளவைத் துறையின் வரைபடத்தில் சாலை தனிக் கீற்றாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா, தோட்டத்தின் பட்டா நிலத்திற்குள்ளேயே ஓடுகிறதா என்று காண வேண்டும். யாரால் எது முடியும் என்பதை இந்த ஒரு விவரமே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

மூன்றாம் படி, பட்டியலைப் பார்ப்பது. நகராண்மைக் கழகத்தின் பொறியியல் பிரிவிலும் பொதுப்பணித் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்க வேண்டும். பெயர், தொடக்கம், முடிவு, நீளம், அகலம், மேற்பரப்பு, பாலம், மதகு, பராமரிப்பவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் கேட்பது அவசியம். ஒரே சாலை இரு பட்டியலிலும் இருக்கலாம். எதிலுமே இல்லாமலும் போகலாம்.

எல்லை மாறிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை. 2010 ஜனவரி 1ஆம் நாள் ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் அமைந்தபோது, மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் பகுதிகள் அதன் எல்லைக்குள் வந்தன. இப்படி எல்லை நகரும்போது நீண்ட சாலைகள் நடுவில் வெட்டுப்படும். பழைய மன்றத்தின் பட்டியலில் நீக்கியதைப் புதிய மன்றம் தன் பட்டியலில் சேர்த்ததா என்று பார்ப்பது நல்லது.

நான்காம் படி, நடப்பது. அளவுச் சக்கரமோ கைப்பேசியின் இடங்காட்டியோ போதும். காரின் மீட்டர் நூறு மீட்டருக்கு ஒருமுறைதான் மாறும். குறுஞ்சாலைகளுக்கு அது உதவாது. சந்திப்பிலிருந்து சந்திப்புவரை அளந்து, ஒவ்வொரு பாலத்தையும் மதகையும் படமெடுங்கள். நான் அடிக்கடி கண்ட பிழைகள் மூன்று: ஒரே சாலை பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இருமுறை இருப்பது, தோட்டத்து ஓடையின் மேலுள்ள பாலம் விடுபட்டிருப்பது, முடிவிடம் 'தோட்டம் வரை' என்று மட்டும் இருப்பது. மூன்றாவதுதான் மிகக் கொடியது. வாசல்வரையா, லயம்வரையா, பள்ளிவரையா என்று எவரும் சொல்ல முடியாது.

எளிதாக விளங்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் ஒரு சாலையின் நீளம் 1.8 கிலோமீட்டர், அளந்தால் பள்ளிவரை 2.6 கிலோமீட்டர். விடுபட்ட 800 மீட்டரில் 300 மீட்டர் அரசாங்க ஒதுக்கு நிலம், 500 மீட்டர் தோட்டப் பட்டா நிலம் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பார்வைக்கு ஒரே சாலை. ஆனால் பிரச்சினைகள் இரண்டு. 300 மீட்டர் வெறும் பதிவுப் பிழை, திருத்தக் கோரலாம். 500 மீட்டர் உரிமைப் பிரச்சினை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி உரிமையாளர் அந்தக் கீற்றை மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு அது சாலைக்கென ஒதுக்கப்பட்டு அரசிதழில் வெளிவர வேண்டும். இல்லையேல் 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் வழியே அரசாங்கம் அதை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதினால், கடினமான 500 மீட்டரைக் காட்டி எளிதான 300 மீட்டரும் கிடப்பில் போடப்படும்.

ஐந்தாம் படி, எழுதுவது. மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம்; பட்டியல் சொல்வது, களத்தில் கண்டது, நாம் கேட்பது என மூன்று பத்தி கொண்ட அட்டவணை; வரைபடம்; படங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்க மறவாதீர்கள். 'சாலை மோசம்' என்ற புகாருக்கு அனுதாபம் கிடைக்கும். 'உங்கள் பட்டியலில் இந்த வரி தவறு' என்ற கடிதத்திற்குக் கோப்பைத் திறந்து பார்த்துப் பதில் எழுதியாக வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், பொதுச் செலவில் பராமரிக்க வேண்டிய தெருக்களின் பட்டியலை மன்றங்கள் வைத்திருக்கவும், எவரும் இலவசமாகப் பார்க்க விடவும் சொல்கிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்திலும், எந்தக் குடியிருப்புக்கு எந்தச் சாலை என்ற அடிப்படைப் பட்டியலைப் பஞ்சாயத்துகளின் பார்வைக்கு வைத்த பிறகே சாலைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. ஊரில் குடியிருப்பவருக்குத் தெரிந்ததை அலுவலகத்தில் இருப்பவர் அறிய வழி வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

நம்மிடையே பொறியியல், நில அளவை, சட்டம், புவியியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து வழிகளை நடந்தே அறிந்த பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாலத்தை எந்தத் துரை காலத்தில் போட்டார்கள், எந்த வழி முன்பு பள்ளிக்கு நேர்வழியாக இருந்தது என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. பட்டாவும் வரைபடமும் நாளைக்கும் கிடைக்கும். அந்த நினைவு கிடைக்காது. ஆகவே இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக்கோ கோயிலுக்கோ போகும் சாலையாக இருந்தால் இன்னும் நல்லது. அவசர வண்டி வந்து நிற்கப் போவது எந்த வாசலில் என்பதை, எங்கோ ஓர் அலுவலகத்துப் பட்டியலின் 'முடிவிடம்' என்ற கட்டம் தீர்மானித்துவிடக் கூடும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.