ஆறு இலக்கம்

ரத்தோட்டையில் என் சின்னம்மா, கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கத்தில் ஆறு இலக்கங்களை எழுதி வைத்திருந்தார். "அக்கா, என் கோட் தவறி உங்க போனுக்கு வந்திருச்சு, அனுப்புங்க" என்று தெரிந்த பிள்ளையின் வாட்ஸ்அப்பிலிருந்து கேட்டதும் அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளையின் கணக்கே ஏற்கனவே களவு போயிருந்தது. கால் மணி நேரத்தில், சின்னம்மா கேட்பதுபோல் தேர்த் திருவிழாக் குழுவில் எல்லோரிடமும் திருடன் அவசரக் கடன் கேட்டான். ஒருவர் 15,000 ரூபாய் போட்டும்விட்டார். சின்னம்மா அன்று சாப்பிடவே இல்லை.

உங்கள் நம்பரை வேறொரு போனில் யாராவது பதிந்தால், வாட்ஸ்அப் அந்த இலக்கத்தை உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். கொடுத்தால் கணக்கு அவர்கள் கையில். சின்னம்மாவின் போனிலேயே நம்பரை மறுபடி பதிந்து, புதிதாக வந்த இலக்கத்தைப் போட்டேன்; திருடன் வெளியே போனான். அவன் இருபடிச் சரிபார்ப்புப் பின் நம்பர் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க நேர்ந்திருக்கும். அதனால் அந்தப் பின்னை நாங்களே உடனே வைத்தோம். இப்படி ஏமாந்தவர்கள் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம். இத்தகைய குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது.

இப்போது மாலை நேரங்களில், லயத்துப் பெண்களின் போன்களுக்குச் சின்னம்மாதான் பின் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.