கோவா நாற்று வளர்த்தலும் நடுதலும்

குளிர்ந்த காலநிலையை விரும்பும் மரக்கறிகளுள் கோவா முதன்மையானது. ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் இதனை ஆண்டு முழுவதும் செய்கைபண்ணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இதன் இலைகள் சுருண்டு இறுக்கமான தலையாவதற்கு ஏற்ற குளிர்ச்சி மார்கழி, தை, மாசி மாதங்களிலேயே கிடைக்கின்றது. பங்குனி வெயிலில் உருவாகும் தலைகள் தளர்ந்து சிறுத்துவிடும். ஆகவே, கார்த்திகையில் இட்ட நாற்று அழிந்துபோயின், மீண்டும் விதையிட்டுப் பயன்பெற அவ்வாண்டிற் காலம் போதாது. கோவாச் செய்கையின் வெற்றி பெரும்பாலும் நாற்றுமேடையிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பதைக் கமக்காரர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

விதை

கோவா பூப்பதற்குப் பல கிழமைகள் தொடர்ந்து கடுங்குளிர் வேண்டும். குடாநாட்டில் அக்குளிர் இன்மையால் நாம் விதை எடுத்தல் இயலாது. பிறநாட்டு விதையையே விலைகொடுத்து வாங்குகின்றோம். வெப்பத்தைத் தாங்கும் இனமா என்பதையும், முளைதிறன் காலம் கடந்துவிட்டதா என்பதையும் பொதியிற் பார்த்து வாங்குக. ஏக்கரில் 16இல் ஒரு பங்காகிய ஒரு பரப்பு நிலத்துக்கு ஏறக்குறைய 1,200 நாற்றுகள் தேவை. இதற்கு 6 அல்லது 7 கிராம் விதை போதுமானது. விதை முழுவதையும் ஒரே நாளில் இடாது, பாதியைப் பத்து நாள் கழித்து இடுதல் நன்று. பெருமழையால் முதல் மேடை பழுதுற்றாலும் இரண்டாவது கைகொடுக்கும்.

நாற்றுமேடை

ஒரு பரப்புக்கு 10 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட இரு மேடைகள் வேண்டும். முன்னர் கோவாவோ முள்ளங்கியோ செய்கைபண்ணப்பட்ட நிலத்தைத் தவிர்க்க. மழைநீர் வடியுமாறு மேடையை 6 முதல் 9 அங்குலம் வரை உயர்த்தி, நன்கு மக்கிய மாட்டெருவைக் கலந்து மண்ணைப் பொடியாக்குக. மழை தொடங்குமுன் வைக்கோலையும் உமியையும் மேடையின்மேல் மாறிமாறிப் பரப்பி எரித்தால், மேல்மண்ணிலுள்ள நோய்க் கிருமிகளும் களைவிதைகளும் பெரிதும் அழியும்.

குறுக்கே 4 அல்லது 5 அங்குலத்துக்கு ஒரு வரியாகக் கீறி, அரை அங்குல ஆழத்தில், அங்குலத்துக்கு ஒரு விதை வீதம் இடுக. மெல்லிய மண்ணால் மூடி, வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க. நான்கு முதல் ஆறு நாட்களில் விதை முளைக்கும். முளை கண்டவுடன் வைக்கோலை நீக்கிவிடல் வேண்டும். தாமதித்தால் நாற்று வெளிறி நீளும்.

நாற்றழுகல்

முளைத்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் மெலிந்து, நாற்று சாய்ந்து மடிவதே இந்நோயாகும். இதனைப் பங்கசுகள் உண்டாக்குகின்றன. நெருக்கமாக விதைத்தல், நீர் தேங்கல், ஓயாத நிழல் ஆகியன நோயைப் பெருக்கும். மழை பெய்யும்போது மாத்திரம் கிடுகினாலோ ஒளிபுகும் பொலிதீனாலோ மேடையை மூடி, மழை விட்டதும் திறந்து வெயிலும் காற்றும் படச்செய்க. நீரைக் காலையிலேயே ஊற்றுக. மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் தங்கும். விரைவில் வளருமென எண்ணி யூரியா இடுவோரும் உளர். அவ்வாறு வளர்ந்த நாற்று மெலிந்து, நட்டபின் வெயிலைத் தாங்காது வாடும்.

நடுதல்

விதைத்த 21 முதல் 28 நாட்களுள், நான்கு அல்லது ஐந்து இலைகள் விட்டதும் நாற்று நடுகைக்கு ஏற்றதாகும். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே நீரைப் படிப்படியாகக் குறைத்து, நாள் முழுவதும் வெயில் படவிடுக. பிடுங்குவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் மேடையை நன்கு நனைத்து, வேரோடு மண் ஒட்டியிருக்குமாறு கிளறி எடுக்க. குருத்தற்ற நாற்றையும் தண்டு சுருங்கிய நாற்றையும் இரக்கமின்றிக் கழித்துவிடுக. குருத்தற்றது ஒருபோதும் தலை கட்டாது.

வெயில் தணிந்த மாலையில், 20 அங்குலத்துக்கு ஒரு வரியாக, வரியில் 16 அங்குலத்துக்கு ஒரு நாற்றாக நடுக. அடியிலைகள் வரை மண் அணைக்கலாம். குருத்து மண்ணில் மூடப்படலாகாது. நட்டவுடன் நீர் ஊற்றி, பூவரசங் குழையால் மூன்று நான்கு நாட்களுக்கு நிழல் செய்க. காலையில் அடியோடு அறுந்து கிடக்கும் நாற்றைக் கண்டால், அதனருகே மண்ணைக் கிளறி, மறைந்திருக்கும் வெட்டுப்புழுவை எடுத்து அழிக்க. வெற்றிடங்களை ஒரு கிழமைக்குள் எஞ்சிய நாற்றுகளால் நிரப்புக.

இம்முறை கரட்டுக்குப் பொருந்தாது. அதன் ஆணிவேர் பிடுங்கும்போது சிதைந்து, கிழங்கு கிளைத்துவிடும். ஆகவே அதனைத் தோட்டத்தில் நேரடியாகவே விதைத்தல் வேண்டும்.

நாற்றுமேடைக்குச் செலவிடும் நான்கு கிழமைக் கவனமே மாசியில் இறுகிய கோவாவாகக் கைக்கு வரும். ஐயம் எழுமிடத்து, நோயுற்ற நாற்றை மண்ணுடன் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க.