உங்களுக்குத் தெரியுமா? ஹை ஹீல்ஸ் ஒரு காலத்தில் ஆண்கள் சொத்து!

அங்கவடியில் கால் நழுவாமலிருக்க, பாரசீகக் குதிரை வீரர்கள் குதி உயர்ந்த காலணி அணிந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பியப் பிரபுக்களைத் தொற்றியது. பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயிக்குச் சிவப்புக் குதி!

வீரர்கள் சேணத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாமோ நடக்கிறோம், வம்பே அங்கேதான். குதி உயர உயர உடல் எடை முன்பாதத்தில் இறங்குகிறது. தினமும் அணிந்தால் கெண்டைக்கால் தசை குறுகி, குதிகால் தசைநாண் விறைக்கிறது. அப்புறம் தட்டைச் செருப்பு போட்டாலும் வலிக்கும்!

ஊசிக்குதியை விட அகலக்குதி மேல். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் செருப்பு வாங்குங்கள். வீடு திரும்பியதும், கைப்பிடியைப் பிடித்தபடி, முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்குங்கள், கெண்டைக்கால் தளரும்.