உங்கள் ஷெல் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

பாயான் லெப்பாஸில் சிப் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகன் போன வாரம் அழைத்தான். “மாமா, படிக்கும்போது பேஷ் ஷெல்தான் பழகினேன். இங்கே நுழைந்தால் டிசி-ஷெல் வருகிறது. மாற்றப் பார்த்தால் அப்படி ஒரு பயனரே இல்லை என்கிறது. அந்தப் பெயரில்தானே உள்ளே இருக்கிறேன்!”

முதல் வேலையில் பலருக்கும் வரும் குழப்பம் இது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல்தான் ஷெல். வீட்டு லினக்ஸ் கணினியில் ‘பாஸ்டபிள்யூடி’ என்ற கோப்பில் ஆளுக்கொரு வரி இருக்கும். முக்காற்புள்ளியால் பிரித்த 7 பகுதிகளில் கடைசியானது ஷெல். ‘சிஎச்எஸ்எச்’ கட்டளை அதைத் திருத்தும்.

அலுவலகத்தில் கணக்குகள் பெரும்பாலும் எல்டாப் போன்ற மையப் பட்டியலில் இருக்கும். உள்ளூர்க் கோப்பில் உங்கள் பெயரே இராது. அந்தக் கட்டளையோ அங்கேதான் தேடுகிறது. (முன்பு சன் நிறுவனம் இப்படியொரு பட்டியலுக்கு ‘யெல்லோ பேஜஸ்’ என்று பெயர் வைத்தது. அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிக முத்திரை என்பதால் ‘என்ஐஎஸ்’ ஆனது. அதன் கட்டளைகள் மட்டும் இன்னும் ‘ஒய்பி’ என்றே தொடங்குகின்றன.)

‘கெட்என்ட் பாஸ்டபிள்யூடி’ என்று தட்டி, பக்கத்தில் உங்கள் பயனர் பெயரைக் கொடுங்கள். உள்ளூரோ மையமோ, நடப்பில் உள்ள வரி வந்துவிடும். அது மையத்தில் இருந்தால், ‘லாகின் ஷெல்’ விவரத்தை மாற்றித் தரும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். மாற்றிய பிறகும் பழையதே வந்தால் பதற வேண்டாம். எஸ்எஸ்எஸ்டி போன்ற நிரல்கள் பழைய விவரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைத்திருக்கும்.

ஆனால் மாற்றத்தான் வேண்டுமா? சிப் துறையில் சி-ஷெல் குடும்பம் பழைய வழக்கம். குழுவின் மென்பொருள்களைத் தயார்படுத்தும் கோப்புகள் பல இடங்களில் அதற்கென்றே எழுதப்பட்டவை. பேஷுக்கு அவை புரியாது. கருவி திறக்காமல் நிற்கும் நாளில் காலக்கெடுவும் சேர்ந்து நழுவும்.

அதனால் அவனிடம் கணக்கைத் தொட வேண்டாம் என்றேன். சி-ஷெல் நுழைவில் படிக்கும் ‘லாகின்’ கோப்பின் கடைசியில், ‘எக்செக்’ என்ற சொல்லோடு பேஷைத் தொடங்கும் ஒரு வரி போதும். ஆள் உட்கார்ந்து தட்டும்போது மட்டும் அது நடக்கும்படி நிபந்தனையும் வேண்டும். குழுவின் அமைப்புகள் முதலில் ஏறிவிடும், பிறகு பேஷ் வரும்.

எந்த வழியானாலும் பழைய சாளரத்தை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து பாருங்கள். மையத்தில் ஷெல்லின் பாதை ஓர் எழுத்து பிசகினாலும், கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடாது.