உடும்புக் குட்டியை வளர்க்கலாமா?

ஆடு மேய்க்கப் போன பிள்ளைங்க உடும்புக் குட்டியைப் பிடிச்சு வந்து, "வளர்க்கலாம்மா"ன்னு கேட்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க.

அது 4, 5 அடி வரை வளரும். நகமும் பல்லும் கூர்மை. கட்டிப்போட்டால் வெயிலும் இரையும் இல்லாமல் வாடிவிடும். காட்டிலே இருந்தால் எலி, நண்டு, பூச்சிகளைத் தின்று நம் வெள்ளாமையைக் காக்கும்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கறிக்காகக் கொல்வது எல்லாமே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது ரூ.25,000. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு கோர்ட்டுச் செலவுக்கா போகணும்?

பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்வோம். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிப்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.