தாதியின் கை எவ்வளவு நீள வேண்டும்?

பாரிசவாதம் வந்து வாட்டில் கிடந்த உம்மாவுக்குச் சோறு ஊட்டப் போனேன். தாதி தடுத்துவிட்டார். "அவவே சாப்பிடட்டும், சுணங்கினாலும் பரவாயில்ல." எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருப்பதைப் பிறகுதான் வாசித்தறிந்தேன். அமெரிக்கத் தாதியான டொரோதியா ஒரெம் 1971இல் நூலாக வெளியிட்ட சுயபராமரிப்புக் கோட்பாடு அது. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் ஆற்றலில் நோய் எவ்வளவைப் பறித்ததோ, அவ்வளவுக்கே தாதியின் கை நீள வேண்டும் என்கிறார் அவர். நினைவிழந்து கிடப்பவருக்குத் தாதியே எல்லாம் செய்வார். ஓரளவு இயங்குபவரோடு வேலையைப் பங்குபோடுவார். வீடு திரும்பும் நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஏற்றக் கற்றுக்கொடுப்பார். ஒரே ஆள் இந்த மூன்று நிலைகளையும் கடக்கலாம். இன்று எந்த நிலை என்று கணிப்பதுதான் கஷ்டம். ஆள் குறைந்த வாட்டிலோ ஊட்டிவிடுவதே சுருக்கான வழி. காத்திருக்கத்தான் நேரம் வேண்டும்.

வேர்ஜினியா ஹென்டர்சன் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளில் மூச்சு, உணவு, உறக்கத்தோடு வணக்கமும் உண்டு. அதைப் படித்த தாதிக்கு, வுழூச் செய்யத் தண்ணீர் கேட்கும் நோயாளி தொல்லையல்ல.

உம்மா அன்று பாதிச் சோற்றைச் சிந்தினா. மற்றப் பாதியைத் தன் கையாலேயே சாப்பிட்டா.