மீடியம் தெளிவா இருக்கு... அப்போ கல்ச்சர் சுத்தமா?

பயோடெக் மாணவர்களுக்கு எம்டிடி சோதனை புதுசு இல்லை. புற்றுநோய் செல்களை வளர்ப்போம், ஒரு மூலிகைச் சாற்றைச் சேர்ப்போம், எத்தனை செல் பிழைத்தது என்று நிறத்தை வைத்து அளப்போம். அந்தச் செல்களோடு வேறொரு உயிரியும் சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்தால்?

சாதாரண பாக்டீரியா புகுந்தால் சீக்கிரமே தெரிஞ்சிடும். மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கும். பாக்டீரியா பெருகி அமிலம் கூடினால் சிவப்பு மஞ்சளாகும், மீடியம் கலங்கும். பூஞ்சை என்றால் பஞ்சுபோல மிதக்கும். வருத்தம்தான், ஆனா பிளாஸ்கை ஆட்டோகிளேவ் பண்ணித் தூக்கிப் போட்டுட்டு மறுபடி தொடங்கலாம்.

உண்மையான தலைவலி மைக்கோபிளாஸ்மா. இதுவும் பாக்டீரியாதான், ஆனால் செல் சுவர் கிடையாது. பெனிசிலின் தாக்குவதே செல் சுவர் உருவாவதைத்தான். சுவரே இல்லாத இதை அது ஒன்றும் செய்யாது. உருவம் மிகச் சிறியது, வளைந்தும் கொடுக்கும். அதனால் 0.22 மைக்ரான் ஃபில்டரைக்கூடத் தாண்டிவிடும். ஒரு மில்லி லிட்டரில் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீடியம் தெளிவாகவே தெரியும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. செல்லுக்கான ஆர்ஜினைன் போன்ற சத்துகளைத் தின்னும். ஜீன்களின் செயல்பாட்டையே மாற்றும். எம்டிடி சாயத்தையும் தானே நிறம் மாற்றும். அப்போ நீங்க அளந்தது செல்லையா, மைக்கோபிளாஸ்மாவையா? 2015-இல் பொதுத் தரவுத்தளத்தில் இருந்த ஆர்என்ஏ வரிசைத் தரவுகளை அலசியபோது, சுமார் 11 சதவீத ஆய்வுத் தொகுப்புகளில் இதன் தடயம் கிடைத்தது.

2017-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். மனிதத் தோல் செல்கள் வளர்ந்த மீடியத்தைச் சேர்த்ததும், ஜெம்சைட்டபின் என்ற மருந்துக்குப் புற்றுநோய் செல்கள் சாகவில்லை. தோல் செல்கள் ஏதோ சுரக்கின்றன என்று அங்கேயே கட்டுரையை முடித்திருக்கலாம். ஆய்வாளர்கள் விடாமல் தோண்டினார்கள். மருந்தை உடைத்துச் செயலிழக்கச் செய்தது மீடியத்தில் இருந்த மைக்கோபிளாஸ்மா! நோயாளிகளின் கட்டியிலும் இப்படி நடக்குமா என்று அடுத்து தேடினார்கள். 113 கணையப் புற்றுக் கட்டிகளில் 86-இல் பாக்டீரியா இருந்தது. மாசை மாசு என்று கண்டுபிடித்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

சரி, நாம என்ன செய்யலாம்?

பக்கத்து லேபிலிருந்து வரும் செல்லை, சோதனை முடியும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள். திறந்த பிளாஸ்க் முன்னால் பேச வேண்டாம்; மனித வாயில் வாழும் மைக்கோபிளாஸ்மா இனமும் கல்ச்சரில் அடிக்கடி சிக்குகிறது. ஆன்டிபயாடிக் ஊற்றியாச்சு என்று அலட்சியம் வேண்டாம்; அது லேசான பாக்டீரியா தொற்றையும் மறைத்துவிடும். மாதம் ஒருமுறை பிசிஆர் செய்யுங்கள். அல்லது டிஎன்ஏ-வை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றிப் பாருங்கள்: உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாய் ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம்.

புராஜெக்ட் தொடங்கும் முன் கைடிடம் தயங்காமல் கேளுங்கள்: "இந்த செல்லுக்கு மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் கடைசியா எப்போ பண்ணினது?" பதில் தெரியவில்லை என்றால், உங்கள் முதல் பரிசோதனை அதுவாகவே இருக்கட்டும்.